இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

நேற்றுக் காலை ரயிலில் எதிர் சீட்டில் வழக்கமாக உட்காரும் அண்ணன் ஒருவர் என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கத்துல இருக்கீங்க?" என்று கேட்டார். நல்லா இருக்கா, என்ன விலை, யார் எழுதியது என்று எதையும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போனது. நேற்று முழுக்க அதே நினைப்பு. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் தினமும் மதுரையிலிருந்து திண்டுக்கல் போய் வருகிறவள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சோழவந்தான் வரை கூட்டம், பேச்சு, டிபன் டப்பா திறக்கிற சத்தம். கொடைக்கானல் ரோடு தாண்டினால் பெட்டி கொஞ்சம் அமைதியாகும், சிறுமலை பக்கத்தில் வந்து நிற்கும். என் வாசிப்பெல்லாம் அந்த நேரத்துக்குள்தான். நாளைக்குப் பத்துப் பக்கம், நல்ல நாளென்றால் இருபது. அந்த அண்ணன் மில்லில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் மாறும் வாரங்களில் பார்க்க முடியாது. 'அசுரன்' படம் வந்தபோது, அதாவது 2019இல், அது பூமணியின் 'வெக்கை' என்ற நாவலிலிருந்து எடுத்தது என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்தே வாங்க வேண்டும் என்று வைத்திருந்தாராம். இந்த வருடம்தான் வாங்கினார். நாலு பக்கம், அஞ்சு பக்கம் என்று போகிறார். போன வாரம் அவரே சொன்னார்: "படத்துல சண்டை பெருசாத் தெரிஞ்சுது. புத்தகத்துல பசிதான் பெருசாத் தெரியுது தங்கச்சி."

இந்த ஒரு வரியை எந்த விமர்சனக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. 1982இல் வந்த அந்த நாவலில் கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் தகப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் கதை. என்ன சாப்பிட்டார்கள், எதை வைத்துச் சமைத்தார்கள், தண்ணீர் எங்கே கிடைத்தது என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வரும். நான் அதைப் படித்தபோது அடுத்து போலீஸ் வருமா வராதா என்ற பதற்றத்தில் ஓடிவிட்டேன். அவர் மெதுவாகப் போகிறார், அதனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது நானும் இரண்டாவது தடவை எடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

என் கருத்து இதுதான். 'சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு', 'தமிழின் தலைசிறந்த பத்து' என்று பட்டியல் போடுகிறார்களே, அதனால் ஒருவர்கூடப் புத்தகத்துக்குள் வந்ததாக நான் பார்க்கவில்லை. வெளியே நிற்கிறவர்களைப் பயமுறுத்தத்தான் அது உதவுகிறது. ஒரு மனிதர் ஒரு புத்தகத்தின் நடுவில் இருக்கும்போது அதைப் பற்றிப் பேசினால் அடுத்தவர் கை தானாக நீளும். படித்து முடித்தவர் தீர்ப்புச் சொல்வார். நடுவில் இருக்கிறவருக்கு அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தத் தவிப்புதான் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. பூமணியின் நாவலை எனக்குத் திரும்ப எடுக்கத் தோன்றியது எந்தப் பட்டியலாலும் அல்ல.

சரி, நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் முப்பது பக்கத்துக்குள் வைத்துவிட்ட புத்தகம். இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குள் ஜப்பான்காரன் படை வரும் இடத்தில் தொடங்குகிறது. மலாய்ச் சொல், சீனச் சொல், வட்டிக்கடைச் சொல் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள், தவ்க்கே, கிட்டங்கி என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று பார்த்ததில் கதை கையைவிட்டுப் போயிருக்கிறது. இந்தத் தடவை ஒரு தோழி சொன்னாள், "புரியாத சொல்லுக்கு நிக்காத, கூட்டத்துக்குள்ள நடக்கிற மாதிரி நடந்து போயிரு, திரும்பத் திரும்ப வரும்போது தானா முகம் தெரியும்." அப்படித்தான் ஆயிற்று. இப்போது கிட்டங்கி என்றால் எனக்கு ஒரு நீளமான மாடி, வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் ஆள் என்று கண் முன்னால் வருகிறது.

தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் கடல் கடக்கும்போது புயல் வரும் பகுதியை முந்தாநாள் படித்தேன். ரயில் அம்பாத்துரையில் நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை. வாக்கியங்களே அலை மாதிரி ஏறி இறங்குகின்றன. படித்து முடித்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த கரடு, ஆடு மேய்க்கிற ஓர் அம்மா. ஒரு நிமிடம் நான் எங்கே இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை.

சிங்காரம் என்கிற இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பல வருடங்கள் வேலை பார்த்துக்கொண்டு ஒய்எம்சிஏவில் ஓர் அறையில் தனியாக வாழ்ந்தவர். எழுதியது இரண்டே நாவல்கள். இந்த நாவல் அச்சாகி வந்தது 1972இல். 1997இல் இறந்துபோனார். நாவலின் நாயகன் பாண்டியன் கடல் தாண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்து நினைத்து உருகுகிறான். அதை எழுதியவரோ மதுரையில் உட்கார்ந்துகொண்டு மேடான் தெருக்களை ஒரு கடை விடாமல் எழுதியிருக்கிறார். நான் பிறந்ததிலிருந்து நடக்கிற மாசி வீதிகளில்தான் அவரும் நடந்திருப்பார், அந்தப் பெயரே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இதை நினைத்தால் உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனை பேர் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள், ஒருவராவது ஒரு நாள் "நான் இப்ப இதைப் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று கையில் இருப்பதைக் காட்டியிருக்கலாம்.

காட்டினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதியிருக்கிறார் அல்லவா, அதில் 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு வரும். சேலம் இராமசாமி முதலியார் அங்கே முன்சீப்பாக வந்திருக்கிறார். சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து, கல்லூரியில் தமிழ் ஆசிரியர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்கள், சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, இவற்றைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. இந்த இடத்தைப் பலரும் மேடையில் சொல்வார்கள், முதலியார் மடக்கிவிட்டார் என்கிற மாதிரி. எனக்கு அதற்கடுத்து நடந்ததுதான் முக்கியம். புத்தகம் கிடைக்கவில்லை என்று இவர் சொல்ல, தன்னிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் எடுத்துக் கொடுக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து படிக்கத் தொடங்குகிறார்கள். ஏழு வருடம் கழித்து, 1887இல், சிந்தாமணி நச்சினார்க்கினியரின் பழைய உரையோடு சாமிநாதையர் பதிப்பாக அச்சில் வருகிறது. முதலியார் கேட்டதோடு நின்றிருந்தால் அது வெறும் பரீட்சையாகப் போயிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேட்டுவிட்டு எதையும் கொடுக்காமல் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஊர் பெயர் வேண்டாம். எல்லோரும் இப்போது படிப்பதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் என்றாள், முகமெல்லாம் சந்தோஷம். முன்வரிசையில் இருந்த ஒருவர், "இன்னுமா அதுலயே இருக்கீங்க?" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் உட்கார்ந்தவள் அப்புறம் வாயைத் திறக்கவேயில்லை, தேநீர் இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் கல்கி பத்திரிகைக்காக வீடுகள் காத்துக்கிடந்த கதை அது. ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகம் வரை வந்தவள் எத்தனை இரவு கண் விழித்திருப்பாள்! "வந்தியத்தேவன் இப்ப எங்கம்மா இருக்கான்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், அவள் அந்தக் கூட்டத்துக்கு மறுபடியும் வந்திருப்பாள்.

அதே மாதிரிதான் ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் பெயரைக் கேட்டால் உதட்டைச் சுழிப்பதும். எங்கள் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, ஓரம் கறுத்துக் கிடப்பவை அவர்களுடைய புத்தகங்கள்தான். ஒரு புத்தகம் அப்படிக் கறுத்துப்போக எத்தனை கைகள் பட்டிருக்க வேண்டும், அடுப்படியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி பெஞ்சில். என் சித்தி மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போதுகூடப் படிப்பாள். நான் படிக்கத் தொடங்கியதே அவள் கையைப் பார்த்துத்தான்.

நூலகம் என்றதும் இன்னொன்று. நம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948ஆம் வருடத்துச் சட்டம், அதற்கு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார். காசு கட்டியாயிற்று, போய் எடுக்கலாமே. போன மாதம் அப்படி எடுத்ததுதான் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2009. அதற்கப்புறம் ஒருவரும் எடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எடுத்த யாரோ ஒருவர், சென்னையில் ஒரு தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற பக்கத்தில், ஓரமாகப் பென்சிலில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "எங்க தெருவும்." நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதுதான். இருந்தாலும் அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சின்ன நாவல், இரண்டு நாளில் முடியும். ஜமுனாவும் டீச்சரம்மாவும் தண்ணீருக்காக நடக்கிற இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. அம்மாவுக்கு கண்புரை, எழுத்து மங்கலாகத் தெரிகிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தை நான் வாசிக்க அவள் கேட்கிறாள். அம்மா பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், அந்தப் பேச்சு அவளுக்குத் தன் வீட்டுப் பேச்சு. நான் மதுரையில் வளர்ந்தவள், சில சொல்லைத் தப்பான இழுவையில் வாசித்தால் உடனே திருத்துகிறாள். குளத்தில் தண்ணீர் குடிக்க இறங்கிய பெண்ணை நகைக்காக ஒருவன் முக்கிக் கொல்வதும், அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்தபடியே செத்துப்போவதும் வரும் இடத்தில் நான் நிறுத்திவிட்டேன், எனக்குத் தாங்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் தன் பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பாட்டி காதில் பாம்படம் என்கிற கனமான நகை போட்டவளாம். அசலூருக்கு நடந்து போகிற நாளில் காதோடு சேர்த்துத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவாளாம், வெயிலுக்காகக் கட்டியிருக்கிறாள் என்று சின்ன வயதில் அம்மா நினைத்திருக்கிறாள். "இப்பத்தானே எனக்கே தெரியுது, எதுக்குக் கட்டுனான்னு" என்றாள். என் பூட்டியின் காதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் செய்தி இது. என் அம்மாவோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பேச்சு வந்ததில்லை.

ஆகவே கேட்கிறேன், மனதாரக் கேட்கிறேன். முடித்த புத்தகம் வேண்டாம், வாங்கி அடுக்கியிருப்பதன் படமும் வேண்டாம். இப்போது கையில் இருப்பது எது, எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது? சமையல் புத்தகமோ, போட்டித் தேர்வுக்கு நடுவில் ஒளித்துவைத்துப் படிக்கிற துப்பறியும் கதையோ, போனில் இறக்கிய பழைய பிடிஎஃப்போ, எதுவானாலும் சொல்லுங்கள். என்னிடம் பிரதி இருந்து உங்களுக்கு வேண்டுமென்றால் கொடுக்கிறேன், மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நேரிலேயே தரலாம்.

அம்மா கூப்பிடுகிறாள். 'கோபல்ல கிராம'த்தில் மங்கத்தாயாரு அம்மாள் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள், சென்னாதேவியைக் கூட்டிக்கொண்டு ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்று அவர்களை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு நான் புத்தகத்தை மூடிவிட்டேனாம். பகல் முழுக்க அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள் என்று அம்மாவுக்குக் கவலை.