அடுப்படியில் மாப்பிள்ளை

(இடம்: மதுரையில் ஒரு வீடு. ஜூன் மாத மத்தியானம். அடுப்படி மேடையில் ஒரு கிலோ கொடைக்கானல் பிளம்ஸ். அதன் பக்கத்தில், மாவுக்குள் பழம் வைத்து ஓவனில் சுடும் பிரெஞ்சுப் பலகாரம் ஒன்றைச் செய்யக் கிளம்பி, முழங்கை வரை மைதாவுடன் மாப்பிள்ளை.)

அத்தை: தப்பாக நினைக்காதீர்கள் மாப்பிள்ளை. வெண்ணெயைக் கட்டியாகவே போட்டிருக்கிறீர்கள். உருக்கித் தரட்டுமா?

மாப்பிள்ளை: ஐயோ, உருகவே கூடாது அத்தை! 200 கிராம் மைதாவுக்கு 115 கிராம் வெண்ணெய். சில்லென்று பட்டாணி அளவில் மாவுக்குள் நிற்க வேண்டும். ஓவன் சூட்டில் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும்.

அத்தை: நிற்க வேண்டியது உங்கள் விரல் வழியாக ஒழுகுகிறதே?

மாப்பிள்ளை: மதுரை வெயில் அத்தை. பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும்.

அத்தை: தாராளமாக. உங்கள் மாமா வாங்கிய வஞ்சிரம் உள்ளே இருக்கிறது. மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பழத்துக்குப் பதில் மீன் மணக்கும்.

(பத்து நிமிடம் கழித்து.)

மாப்பிள்ளை: இப்போது ஐஸ் தண்ணீர், மூன்று ஸ்பூன். பிசையக் கூடாது. பிசைந்தால் இழுவையாகி, வெந்ததும் கடிக்க முடியாது.

அத்தை: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். புட்டு மாவுப் பதம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இதற்கா காலையிலிருந்து வீடியோ பார்த்தீர்கள்?

(மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்த மாவை அத்தை கையில் எடுத்தார். வந்த கோபமெல்லாம் பூரிக்கட்டையில் இறங்க, மாவு அழகான வட்டமானது.)

அத்தை: இதை வைக்கத் தட்டு? அச்சு?

மாப்பிள்ளை: ஒன்றும் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இதை கலெட் என்பார்கள். நடுவில் பழம், ஓரத்தைச் சும்மா உள்ளே மடித்துவிட வேண்டியதுதான். கோணல்மாணலாக இருந்தால்தான் அழகு.

அத்தை: அப்படியென்றால் நீங்களே மடியுங்கள்.

மாப்பிள்ளை: பிளம்ஸ் புளிக்கிறது. சர்க்கரை கொஞ்சம் தாராளம். சாறு கெட்டிப்பட ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளோர்.

அத்தை: அடி நொதநொதவென்று ஆகிவிடாதா? பழத்துக்குக் கீழே இரண்டு ஸ்பூன் ரவை தூவுங்கள், சாற்றைக் குடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை: வீடியோவிலும் இதைத்தான் சொன்னார்கள்!

அத்தை: என்னைக் கேட்டுப் போட்டிருப்பார்கள்.

(ஓவனில் 200 டிகிரி. அரை மணி நேரம் ஆனது.)

அத்தை: அந்தப் பக்கம் மட்டும் சிவக்கிறது. தட்டைத் திருப்பி வையுங்களேன்.

மாப்பிள்ளை: நடுவில் கதவைத் திறந்தால் சூடு போய்விடும் அத்தை.

அத்தை: நீங்கள் சொன்னால் சரி.

(நாற்பது நிமிடத்தில் கலெட் வெளியே வந்தது. மூன்று பக்கம் பொன்னிறம், ஒரு பக்கம் கரி. வாசலில் காலிங் பெல்.)

அத்தை: எதிர்வீட்டு அம்மா. வாசனை போயிருக்கும். இதை நான் செய்ததாகவே சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. வந்த மருமகனை அடுப்படியில் நிறுத்தினேன் என்று தெருவே பேசும்.

மாப்பிள்ளை: அந்தக் கரிந்த பக்கத்தைக் கேட்டால்?

அத்தை: அது மட்டும் மாப்பிள்ளை செய்தது என்பேன்.