2040-இல் எத்தனை இதய அறுவை சிகிச்சை நிபுணர்கள் வேண்டும்?

"நாட்டில் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குக் கடும் பற்றாக்குறை" என்று வருடத்துக்கு நாலு தடவையாவது செய்தி வருகிறது. அடுத்த பத்தியிலேயே புதிய மருத்துவக் கல்லூரி, புதிய சீட்டுகள் என்று அறிவிப்பும் வந்துவிடும். லட்சம் பேருக்கு இத்தனை நிபுணர் என்று ஒரு விகிதம், அதை மக்கள்தொகையால் பெருக்கு, இருப்பவர்களைக் கழி, மிச்சம் பற்றாக்குறை. இவ்வளவுதான் கணக்கு. எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

முதலில் காலத்தைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம், பொது அறுவை சிகிச்சைக்கான எம்.எஸ். மூன்று, இதயம் போன்ற ஒரு சிறப்புப் பிரிவுக்கான எம்.சிஎச். மூன்று. அதற்குமேல் சில வருடம் ஒரு சீனியர் பக்கத்தில் நின்று கை பழக வேண்டும். ஆக, இன்று கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை தனியாக ஒரு நெஞ்சைத் திறக்கும்போது 2040-ஐ நெருங்கியிருப்போம். அப்போது எந்த நோய்க்குக் கத்தி தேவைப்படும், எதற்கு மாத்திரையே போதும் என்று இப்போதே சொல்ல முடியுமா?

அல்சரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அப்பா தலைமுறையில் வயிற்றின் நடுவே நீளத் தழும்போடு ஊருக்குச் சிலராவது இருந்தார்கள். தென்னிந்தியாவில் அப்போது குடல்புண் அதிகம். அந்த ஆபரேஷன் அப்போதைய பொது அறுவை சிகிச்சைப் பிரிவுகளின் அன்றாட வேலை. பிறகு அமிலத்தைக் குறைக்கும் நல்ல மருந்துகள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலான அல்சருக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டார்கள். 2005-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று எம்.எஸ். படிக்கும் பலர் புண் பொத்துக்கொண்டு அவசரமாக வரும் கேஸைத்தான் பார்க்கிறார்கள். பழைய அல்சர் ஆபரேஷன் பாடப்புத்தகத்தோடு சரி. 1975-இல் உட்கார்ந்து 2000-க்கான தேவையை யாராவது கணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே 1975-இல்தான் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். இரண்டே வருடத்தில், 1977-இல், சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் நெஞ்சுவலி நோயாளி ஒருவரின் இதய ரத்தக் குழாயைப் பலூன் வைத்து விரித்தார். பின்னால் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வந்தது, வேலையில் பெரும்பங்கு நெஞ்சைத் திறக்காமல் வைத்தியம் பார்க்கும் கார்டியாலஜிஸ்ட் கைக்குப் போனது. அப்படியானால் இதய அறுவை சிகிச்சை நிபுணரே இனி வேண்டாமா? அதுவும் தப்பு. பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்டைவிட பைபாஸ்தான் நீண்டநாள் பலன் தருகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. போதாததற்கு, வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டு வருபவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டு விகிதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

வெளிநாட்டுக்காரர்களே இதில் தடுமாறியவர்கள்தான். அமெரிக்காவில் அரசு அமைத்த குழு 1980-இல் தந்த அறிக்கை, 2000-இல் 1,45,000 மருத்துவர்கள் தேவைக்கு மிஞ்சி இருப்பார்கள் என்றது. 2005-இல் இன்னொரு அரசு ஆலோசனைக் குழு, 2020-இல் 85,000 பேர் பற்றாக்குறை வரும் என்றது. புள்ளிவிவரம் குவிந்து கிடக்கும் நாட்டின் நிலை இது.

நம்மிடம் அந்தப் புள்ளிவிவரமும் இல்லை. நாடாளுமன்றத்தில் மருத்துவர் விகிதம் சொல்லும்போது, பதிவு செய்த அலோபதி மருத்துவர்களில் 80 விழுக்காடு பேர் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அந்த 80 வெறும் அனுமானம். வெளிநாடு போனவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் எல்லாம் பழைய பதிவேட்டில் கலந்து கிடக்க, தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான தளமே 2024 ஆகஸ்டில்தான் தொடங்கப்பட்டது. இதில் அறுபதைத் தாண்டிய இதய அறுவை சிகிச்சை நிபுணர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில் என்று யாரிடம் போய்க் கேட்பது?

சரி, தலைகளை ஒழுங்காக எண்ணிவிட்டோம் என்றே வையுங்கள். ஒரு தலை எத்தனை ஆபரேஷன் செய்யும்? 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் முன்பின் வேலைகளைப் பார்த்துக்கொள்வதால் டாக்டர் அறுவையை மட்டும் கவனித்தால் போதும். அங்கே ஒரு கண் மருத்துவர் ஒரு வருடத்தில் செய்யும் கண்புரை அறுவைகள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. மூளைக்கும் இதயத்துக்கும் இந்த முறையை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் எத்தனை நிபுணர் தேவை என்பதை, அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இதற்கு நேர்மாறான படம் கிராமத்தில். 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி சமுதாய சுகாதார நிலையங்களில் தேவையான அறுவை சிகிச்சை நிபுணர்களில் சுமார் 83 விழுக்காடு இல்லை. அந்த இடங்களை நாளைக்கே நிரப்பினாலும், மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் இல்லாத இடத்தில் அந்த ஆள் கட்டிக்குக் கீறல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதயத்துக்கு வந்தால், அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் வேண்டும், ஐ.சி.யூ. நர்சுகள் வேண்டும். அவர்களின் பற்றாக்குறை தலைப்புச் செய்தியாக வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிற சீட்டே நிரம்புவதில்லை. எம்.சிஎச். போன்ற உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். கலந்தாய்வில் இதய அறுவை, குழந்தைகள் அறுவை இடங்கள் ஆண்டுதோறும் காலியாகப் போகின்றன. எம்.எஸ். முடித்த என் உறவுக்காரப் பெண் குடல் அறுவை சிகிச்சைப் பிரிவை எடுத்தாள். ஏன் இதயம் வேண்டாம் என்றேன். "சித்தப்பா, நாற்பது வயசு வரைக்கும் யாருக்கோ அசிஸ்டென்டா நிக்கணும். அப்புறமும் பெரிய ஆஸ்பத்திரி வேலை குடுத்தாத்தான் கத்தியத் தொடவே முடியும்" என்றாள். எந்தக் கணிப்பு அறிக்கையிலும் இந்தக் காரணத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லி ஒதுங்காமல், மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தட்டும். நோய்வாரியாக, மாவட்டவாரியாகப் போடட்டும். தமிழ்நாட்டில் 2009-இலிருந்து அரசுக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. எந்த மாவட்டத்துக்காரர் எந்த ஆபரேஷனுக்காக எந்த ஊருக்குப் போனார் என்ற விவரம் அந்தக் கிளெய்ம்களிலேயே இருக்கும். பெயர்களை நீக்கிவிட்டு அதை வெளியிடச் சொல்லுங்கள். புதிய சீட்டு எங்கே, எந்தப் பிரிவில் என்பதை அதற்கப்புறம் பேசலாம்.