மண்டபம் பிடித்த பிறகு ரத்தம் பார்த்து என்ன பயன்?

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் ஆட்கள் பலர், "அரபிகள் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு பரம்பரை நோய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அங்கே சித்தப்பா, பெரியப்பா மகளைக் கட்டுவது வழக்கம், நமக்கு அது தங்கை முறை என்பதால் முகம் சுளிக்கிறோம், ஆனால் நம் ஊரில் பல சாதிகளில் நடக்கிற தாய்மாமன்-அக்கா மகள் கல்யாணத்தை இஸ்லாம் அடியோடு தடுத்திருக்கிறது. ரத்த நெருக்கம் என்று கணக்குப் பார்த்தால் இரண்டில் அதிகம் நம்முடையதுதான்.

சொந்தம் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சவூதியில் பாதிக்கு மேற்பட்ட கல்யாணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும் என்றால், சித்தப்பா மாமா பிள்ளைகளுக்குள் கட்டியவர்களிடம் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே குடும்பங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இன்னும் கூடும். ஆனால் கிழக்கே கதீஃப், அல் அஹ்ஸா பக்கம் போய் "சொந்தத்தில் கட்டாதே" என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. பேரீச்சந்தோப்புகளும் தண்ணீரும் நிறைந்த அந்த இடங்களில் ஒரு காலத்தில் மலேரியா ஆட்டம் போட்டது, சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) மரபணுவை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் அதிலிருந்து தப்பிப் பிழைத்தார்கள், அதனால் அந்த மரபணு ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டினாலும் அவரும் கேரியராக (தனக்கு நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. (இதே வகை சிக்கிள் செல் இந்தியாவிலும் இருக்கிறது. அதை இந்தியாவில் முதலில் கண்டறிந்தது 1952இல், நம் நீலகிரி மக்களிடம்தான். மருத்துவ உலகம் அதற்கு வைத்த பெயரே அரபு-இந்திய வகை.)

அந்தப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு ஊதா மூடி ட்யூபில் ரத்தம் வரும். மெஷின் ஹீமோகுளோபினைப் பிரித்து கிராஃப் போட்டுத் தரும். கேரியர் என்றால் சாதாரண ஹீமோகுளோபினின் 'ஏ' சிகரம் உயரமாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் சிக்கிள் செல்லின் 'எஸ்' சிகரம் கொஞ்சம் குட்டையாக இருக்கும். மாப்பிள்ளையின் தாளிலும் பெண்ணின் தாளிலும் அதே இரண்டு சிகரங்களைப் பார்க்கும் நாளில் மனசு கனத்துவிடும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேர் தப்பிப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படிக் கிடையாது, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இதில் என்னை அதிகம் வருத்தியது அந்த ஜோடிகள் வந்த நேரம். மண்டபம் பிடித்தாகிவிட்டது, மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) பேசியாகிவிட்டது, உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்புறம் ஒரு தாளைக் கையில் கொடுத்தால் யார் நிறுத்துவார்கள்? சவூதியில் 2004இல் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள், முடிவைக் கேட்டு நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த வருடம் ஆபத்து இருந்த ஜோடிகளில் 100க்கு 9 ஜோடிகள்தான் கல்யாணத்தை விட்டார்கள். 2009இல் அது பாதியைத் தாண்டியது. தடைச் சட்டம் எதுவும் போடாமலே வந்த மாற்றம் இது. மக்களுக்கு அறிவு இல்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி பஹ்ரைன் செய்தது. 1998 வாக்கில் பள்ளிக்கூட மாணவர்களுக்கே ரத்தம் பார்த்து, முடிவை ஒரு கார்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். பதினாறு பதினேழு வயதில், மனசில் யாரும் வருவதற்கு முன்னாலேயே, தான் கேரியரா என்று தெரிந்துவிடுகிறது. பெண் பார்க்கும்போதே பேசிவிடலாம், யாருக்கும் அவமானம் இல்லை. அடுத்தடுத்த வருடங்களில் அங்கே நோயோடு பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள்.

ஆராய்ச்சியும் இதோடு சேர்ந்ததுதான். உலக மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. அரபுக் குடும்பத்தில் என்ன ஓடுகிறது என்பதை அதில் தேடினால் பாதி கிடைக்காது. துபாயில் 2003இல் அரபு மரபணு ஆய்வு மையம் தொடங்கி நோய்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள், 2013இல் சவூதி தன் மரபணுத் திட்டத்தைத் தொடங்கியது. கத்தாரில் ஹோமோசிஸ்டினூரியா என்றொரு நோய், உலகில் மிக அரிது, அங்கே 1,800 குழந்தைகளில் ஒன்றுக்கு. ஒரே ஒரு மரபணுப் பிழைதான் பெரும்பாலும் காரணம் என்று கண்டுபிடித்ததால் பிறந்தவுடனே பார்த்துவிட முடிகிறது. உடனே உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் ஆரம்பித்தால், கண் லென்ஸ் நழுவாமல், மூளை வளர்ச்சி கெடாமல் குழந்தையைக் காப்பாற்றலாம்.

இப்போது சிக்கிள் செல்லுக்கு கேஸ்ஜெவி என்ற மரபணுச் சிகிச்சை வந்திருக்கிறது. 2023 கடைசியில், பிரிட்டனுக்கு அடுத்தபடியாக அனுமதி கொடுத்த நாடுகளில் ஒன்று பஹ்ரைன், அடுத்த மாதமே சவூதி. சந்தோஷம்தான், ஆனால் அமெரிக்காவில் அதன் விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். எண்ணெய் வளமுள்ள நாடுகள்கூட எத்தனை பேருக்குத் தரமுடியும்? யேமனில் யாருக்குக் கிடைக்கும்?

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2025 ஜனவரியிலிருந்து தன் குடிமக்களுக்குக் கல்யாணத்துக்கு முன் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது, 570 மரபணுக்கள், 840க்கு மேற்பட்ட நோய்கள். பெரிய முயற்சி, மனசார வரவேற்கிறேன். ஆனால் இதுவும் கல்யாண வாசலில் வைத்த பரிசோதனைதான். 840 நோய்கள் பார்த்த முடிவை, 20 வயதுப் பெண்ணுக்கு அவள் மொழியில், அவசரமில்லாமல் உட்கார்ந்து யார் விளக்குவார்கள்? பெரும்பாலும் இரண்டு பேரும் கேரியர் என்றால்தான் ஆபத்து, ஆனாலும் சம்பந்தம் முறிந்தால் பேச்சு பெண்ணைத்தான் சுற்றும், நம் ஊர் மாதிரியே. கேரியர் என்பது நோய் இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் சொல்ல ஆள் வேண்டும். கட்டியே தீருவோம் என்கிறவர்களுக்கு, உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவைப் பரிசோதித்து, நோயில்லாததை மட்டும் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் இருக்கிறது என்று வழி காட்டவும் ஆள் வேண்டும். மெஷின் வாங்கும் காசில் ஒரு பங்கையாவது அப்படிப்பட்ட ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கச் செலவழிக்கட்டும், அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பட்டும்.