குளிர் வீட்டுக்குள்தான் இருக்கிறது

கார்த்திகை பிறந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், பொண்ணு ஊர்ல பனி கொட்ட ஆரம்பிச்சாச்சா? ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன்!" பால்காரர் கேட்கிறார், கோயில் குருக்கள் கேட்கிறார், பாபநாசம் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த, பெயர்கூடத் தெரியாத அம்மாள் ஒருவர் கேட்கிறார். முதல் பத்துப் பேருக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகள் ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானின் நீகாட்டா மாகாணத்துக்குப் போனாள். அங்கே அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து நின்று ஆங்கிலம் நடத்தும் உதவி ஆசிரியை வேலை. "இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க அவங்களுக்கு வெள்ளைக்காரன் கிடைக்கலையா?" என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. பட்டப்படிப்போடு, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்றும் காட்டினால் அந்த விசாவுக்கு அது போதும், தோலின் நிறத்தை யாரும் கேட்பதில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். அந்தச் சான்றிதழுக்காக அவள் படித்த பள்ளிக்கு நான் நான்கு முறை நடந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது போகட்டும்.

நீகாட்டா நம்மைப் போலவே நெல் விளையும் பூமி. செப்டம்பரில் அறுவடை பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று குழந்தைபோலக் குதூகலித்தாள். ஆனால் நம் ஊரில் குறுவை, சம்பா, தாளடி என்று வயல் மாறி மாறிப் பச்சை கட்டும். அங்கே ஒரு போகத்தோடு சரி. அதற்குப் பிறகு சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதி, மூட்டை மூட்டையாகப் பனியைக் கொட்டிவிடுகிறது. நமக்கு ஐப்பசியில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து மழை கொண்டுவரும் அதே கதைதான். சாலைப் பனியைக் கரைக்க நிலத்தடி நீரை இறைத்துத் தெருவில் பீய்ச்சுகிறார்களாம். அந்த மாகாணத்து நாகவோகா நகரத்தில் தோன்றிய ஏற்பாடு அது. போர் தண்ணீர் இறங்கிப்போய்த் தவிக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் அதைச் சொன்னபோது, அன்று ஒரு நாள் மட்டும் யாரும் வீடியோ கேட்கவில்லை.

வெளியே விழும் பனி ஒரு பொருட்டே இல்லை, ஐயா. குளிர் வீட்டுக்குள் இருக்கிறது. ஜப்பான் என்றால் எல்லாம் இயந்திரமயம், சுவிட்சைத் தட்டினால் வீடு முழுவதும் கதகதப்பாகிவிடும் என்று நானும்தான் நினைத்தேன். பழைய வீடுகளில் அப்படி ஒன்றும் இல்லை. சுவர் மெல்லிசு, ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. வெப்பம் வெளியேறாமல் காக்கும் கட்டுமானத்தைப் புது வீடுகள் அனைத்துக்கும் அங்கே கட்டாயம் ஆக்கியதே 2025 ஏப்ரலில்தான். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. போன வாரம் காலையில் அவள் அறையில் 9 டிகிரி. ஜன்னலின் உள்பக்கம் வியர்த்து வழிந்து, திரைச்சீலையின் அடிப்பகுதி நனைந்து, அங்கே கரும்புள்ளி கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருப்பதைத் தொலைபேசியில் காட்டினாள். வேலைக்கு எடுத்த நிறுவனம் கொடுத்த கையேட்டில் குப்பையைத் தரம் பிரிப்பதற்கு நான்கு பக்கம். குளிரைப் பற்றி, "கதகதப்பான உடை கொண்டுவரவும்" என்று ஒரே ஒரு வரி.

அந்தக் கதகதப்பான உடையைத் தேடி நான் கும்பகோணத்தில் ஏறாத கடை இல்லை. ஒரு கடைப் பையன் அலமாரியின் உச்சியிலிருந்து ரசகற்பூர வாசனையோடு ஒரு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு, "ஊட்டிக்கே தாங்கும்மா" என்றான். இன்னொருவன் மங்கி குல்லாயை நீட்டினான். இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிதான ஊரில், மார்கழியில் கோலம் போடப் போகும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வதுதான் நமக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வைத்தியம் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் நாத்தனார், "சுக்குக் காப்பி போட்டுக் குடிக்கச் சொல்லுங்க அண்ணி, எல்லாம் சரியாயிடும்" என்கிறாள். சுக்குக் காப்பி குடித்தால் சுவர் தடித்துவிடுமா?

அவளைக் காப்பாற்றுவது எது தெரியுமா? கிருஷ்ணாயில். ஒரு காலத்தில் ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று நான் வாங்கி வந்த அதே கிருஷ்ணாயில். பெட்ரோல் பங்கில் 18 லிட்டர் சிவப்புக் கேனில் பிடித்து, மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்து, கைப் பம்பால் ஹீட்டரில் ஊற்ற வேண்டும். கேன் ஏறக்குறைய பதினைந்து கிலோ கனக்கும். ஹீட்டர் எரிந்தால் அறைக் காற்று கெடும் என்பதால் மணிக்கு ஒரு முறையாவது ஜன்னலைத் திறந்துவிட வேண்டுமாம். பாடுபட்டுச் சேர்த்த சூடு ஒரே நிமிடத்தில் வெளியே போய்விடுகிறது. மூன்று மணி நேரம் ஆனதும் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். அதற்கு முன்னால் பீப் பீப் என்று கத்தும். எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினால் மறுபடி மூன்று மணி நேரம். எனக்கு இரவு ஏழு மணி என்றால் அவளுக்குப் பத்தரை. பேசிக்கொண்டே இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும், "இரும்மா" என்று எழுந்து போவாள், போர்வை தரையில் இழுபடும் ஓசை எனக்குக் கேட்கும்.

பள்ளியிலும் வகுப்பறைக்குள் மட்டும்தான் சூடு. வாரத்தில் மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போகிறவள், ஒவ்வொரு மணிக்கும் படஅட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சில்லிட்ட நடைபாதைகளில் வகுப்பு வகுப்பாக நடக்கிறாள். விரல் விறைத்துச் சாக்பீஸ் கைநழுவியதும் பிள்ளைகள் சிரித்தார்களாம். அதில் ஒருவன் அரைக்கால் சட்டையில் இருந்தானாம். அதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நேற்று மாலை எதிர்வீட்டுக்காரர் திண்ணையிலிருந்தபடியே மறுபடி ஆரம்பித்தார். "என்ன டீச்சர், இன்னும் பனி வரலையா? வந்தா நம்ம குரூப்ல போடுங்க." தண்ணீர் நிறைந்த பதினைந்து லிட்டர் குடம் ஒன்றை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "இதைத் தூக்கிக்கிட்டு உங்க மாடிக்கு ஏறி இறங்குங்க, நான் வீடியோ எடுக்கறேன்" என்றேன். குடம் இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.