கறுப்புப் புகை என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) உள்ள கார்களில் கறுப்புப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் (எஞ்சின் ஆயில் மேலேறி எரியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்றும், எஞ்சினைப் பிரிப்பதே வழி என்றும் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் வருவது நீலப் புகை. கறுப்புப் புகையோ, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற அளவு குலைந்து, பெட்ரோல் மிகுந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: விளக்குக் கரிபோல் உலர்ந்து விரலில் ஒட்டினால் பெட்ரோல் மிகுதி, ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில். முதல் வகையாயின், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக்கின் கேபிளை உள்ளே தள்ளிய பிறகும் சோக் தகடு மூடியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தும், கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது (ஐடிலிங்) கார்பரேட்டர் வாயினுள் பெட்ரோல் சொட்டினால், கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்குள் பெட்ரோல் வரவை நிறுத்தும் ஊசி வால்வு சரியாக அடைக்கவில்லை, அல்லது மிதவையே ஓட்டையாகிப் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது என்று கொள்ளலாம் (அருகில் நெருப்பு வேண்டவே வேண்டாம்). இந்தச் சிறு சோதனைகளைச் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வது, காரை நம்பிப் பிழைப்பவரை வீண் கடனில் தள்ளும் அநியாயம். ஊசி வால்வை மாற்ற எஞ்சினைத் தொடவே வேண்டியதில்லை. கார்பரேட்டரின் மேல்மூடியைத் திறந்தால் போதும்.