அது பேயின் சேலை இல்லை, என் அப்பத்தாவின் சேலை

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற எங்கள் வீட்டுக்குள் புகுந்து, பேய் வீடு என்று ஒரு தம்பி எடுத்துப் போட்ட அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். "ஆச்சி, இது உங்க வீடுதானே?" என்று ஒரு கேள்வி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. ஆமாம், என் வீடுதான். நான் பிறந்து வளர்ந்த வீடு. பூட்டிக் கிடக்கிற வீடு. பேய் வீடு இல்லை.

பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். பார்த்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டாவது நிமிடம் நினைவிருக்கும். தம்பி டார்ச்சை அடித்துக்கொண்டு ஷூவோடு எங்கள் சாமி வீட்டுக்குள், அதாவது வீட்டுக்குள்ளே இருக்கிற சாமி அறைக்குள், போகிறார். ஓலைப் பேழையைத் திறக்கிறார். மடித்து வைத்த கண்டாங்கிச் சேலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "பாருங்க மக்களே, ஆளே இல்லாத வீட்ல புதுச் சேலை!" என்கிறார். பின்னணியில் ஒரு பெண் அலறுகிறாள். அந்த அலறல் எங்கள் வீட்டுடையது இல்லை, அவர் சேர்த்தது.

தம்பி, அதற்குப் படைப்புச் சேலை என்று பெயர். எங்கள் நகரத்தார் வீடுகளில் இறந்துபோன பெரியவர்களுக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வாங்கி வைத்து, சமைத்துப் போட்டுப் படைப்போம். படைத்த துணியைப் பேழையில் வைத்துவிட்டு, அடுத்த படைப்பில்தான் எடுப்போம். நீங்கள் இரண்டு விரலால் தூக்கியது என் அப்பத்தாவுக்குப் படைத்த சேலை. செத்தவர்களைப் பேய் என்று பயந்து ஓடாமல், இலை போட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிற வீடு அது. அங்கே போயா பேய் தேடினீர்கள்?

அப்புறம் அந்தச் சத்தம். "யாரோ நடக்குறாங்க" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாரே, அந்தச் சத்தத்தை ஒன்பது வயதில் நானும் கேட்டிருக்கிறேன். சித்திரை வெயில் முடிந்த ஒரு ராத்திரி. வளவில், வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள இடத்தில், பாய் விரித்துப் படுத்திருந்தோம். மேலே உத்தரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நான் அப்பத்தாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். "தேக்கு சோம்பல் முறிக்குது ஆத்தா, தூங்கு" என்றது. அவ்வளவுதான் விஷயம். பகலெல்லாம் சூடேறிய மரம் ராத்திரி குளிரும்போது இறுகும், பொருத்துகளில் முறுக்கும். எங்கள் வீட்டில் தூண், உத்தரம், நிலை, கதவு எல்லாமே பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. அத்தனை மரம் இருக்கிற வீடு ராத்திரியில் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஏன் ஆளில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1942-ல் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்தது. பர்மாவில் கொடுத்து வாங்கல், அதாவது வட்டித் தொழில், வைத்திருந்த குடும்பங்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வந்தன. வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீட்டுக்கு நாட்டு ஓடு மாற்றவே ஒரு கல்யாணச் செலவு ஆகும். பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று போனார்கள். இதில் பேய் எங்கே வந்தது? பூட்டு வந்தது, அவ்வளவுதான்.

"பொழுதுபோக்குதானே, விடுங்க" என்கிறீர்கள். விடலாம். ஆனால் ஒரு வீட்டுக்குப் பேய் வீடு என்று பெயர் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ராத்திரிக் காவலுக்கு ஆள் வராது. வாங்க வருகிறவன் பாதி விலை கேட்பான். ஒரு நாள் தூண் காணாமல் போகும், இன்னொரு நாள் நிலைக்கதவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். அங்கே நிற்கிற ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது.

"இங்கிலாந்துல பேய்க் கதை சொல்லியே டிக்கெட் விக்கிறாங்களே" என்று ஒருவர் பாடம் எடுத்தார். நன்றி. சவுத்தாம்ப்டனில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய டியூடர் ஹவுஸுக்கு நானும் போயிருக்கிறேன், மகன் கூட்டிப் போனான். 1490-களில் கட்டியது. ராணி ஆன் பொலினின் ஆவி உலாவுகிறது என்று அங்கேயும் கதை உண்டு. ஆனால் அது 1912 முதல் அருங்காட்சியகம். பல வருடம் மூடிவைத்துப் பழுது பார்த்து, 2011-ல் திரும்பத் திறந்தார்கள். முதலில் கூரையை ஒழுகாமல் பண்ணிவிட்டு அப்புறம் ஆவியைப் பற்றிப் பேசுங்கள், நானே டிக்கெட் வாங்குகிறேன். இங்கே செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இன்னும் உத்தேசமாகவே இருக்கின்றன.

"உங்க காவல்காரர்தானே ஐந்நூறு வாங்கிட்டுத் திறந்துவிட்டார்?" ஆமாம். மாதம் மூவாயிரத்துக்கு அத்தனை பெரிய வீட்டைக் காக்கிற அறுபத்தெட்டு வயது மனிதர். அவரைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

"அவ்வளவு அக்கறைன்னா நீங்க ஏன் பராமரிக்கல?" இதுதான் சுடுகிறது, ஏனென்றால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கட்டிக்கொடுத்த பெண். அந்த வீட்டில் எனக்குப் பங்கு கிடையாது, எங்களில் குடும்பங்களை எண்ணுகிற புள்ளிக் கணக்கில் பெயர் கிடையாது. பங்கு இருக்கிற பதினான்கு புள்ளியும் கூரையில் ஒரு ஓடு மாற்றக்கூட ஒத்துப்போக மாட்டார்கள். வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதி ஒழுகுகிறது என்று நான் நாலு வருடமாகச் சொல்கிறேன். "பொம்பளப் புள்ள ஒனக்கு ஏன் ஆத்தா இந்தக் கவலை" என்றார் ஒரு பெரியவர். வீடியோவில் அந்த ஒழுகலைக் காட்டி "ரத்தக் கறை மாதிரி" என்றார்களே, அப்போது அவருக்கும் கவலை வந்துவிட்டது. கௌரவக் கவலை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திமூன்று பேர். மூன்று நாளாக வக்கீல் நோட்டீஸ், போலீஸ் புகார் என்று ஓடுகிறது. சேலை என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்கவில்லை. நேற்று நானே காவல்காரருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

"அண்ணே, சேலையை எடுத்து வச்சீங்களா?"

"கீழதான் கெடந்துச்சு ஆச்சி. தூசி தட்டி மடிச்சுப் பேழையில வச்சுட்டேன். எனக்கு ஒங்க மடிப்பு வராது. ஒரு தரம் வந்து பாத்துக்கங்க."

சனிக்கிழமை பல்லவன் ரயிலில் போகிறேன். சாவி வாங்க மூன்று பங்காளிகளிடம் கேட்க வேண்டும்.