பூகம்பத்துக்கும் பாவத்துக்கும் போட்ட முடிச்சு

போன மாசம் ஒரு துக்க வீடு. பெரியப்பா மகன், 38 வயசு, பைக் விபத்து. சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடுங்காப்பியை ஆற்றிக்கொண்டே சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "எல்லாம் கர்ம வினைதான். போன ஜென்மத்துல என்ன செஞ்சானோ." சன்னலுக்கு அந்தப் பக்கம்தான் மதினி இருந்தார். அழுகை ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எனக்கு 1934 ஞாபகம் வந்துவிடும். காரணம், அது எங்கள் ஊரில் பேசிய பேச்சு.

அந்த வருஷம் ஜனவரி 15, மதியம் இரண்டு மணிக்கு மேல் பீகாரில் பூகம்பம். முங்கேர் நகரம் தரைமட்டம். பீகாரிலும் நேபாளத்திலுமாக 10,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார்.

தாகூர் பதறிப்போனார். தீண்டாமை விஷயத்தில் காந்தி பக்கம் நின்றவர்தான் அவரும். ஆனாலும், பூமி குலுங்குவதற்குக் காரணம் பூமியில்தான் இருக்கிறது, அதை நம் நடத்தையோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று எழுதினார். இந்த வாதம் உங்களைவிட உங்கள் எதிராளிகளுக்குத்தான் வசதி என்றும் சொன்னார். அங்கேதான் சரியாகக் கை வைத்தார். கோயிலுக்குள் எல்லாரையும் விடச் சொன்னதால்தான் சாமிக்குக் கோபம் என்று ஒரு சனாதனி கிளம்பினால் என்ன பதில் சொல்வது? இரண்டு கட்சிக்கும் சாட்சி ஒன்றுதானே, அதே இடிந்த வீடு.

காந்தி அசையவில்லை. என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன் என்றார். தாகூரின் மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே போட்டு, கூடவே தன் பதிலையும் போட்டார். (நாமாக இருந்தால் பிளாக் பண்ணியிருப்போம்.)

நான் தாகூர் கட்சி. முங்கேரில் சுவர் விழுந்து செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை? ஊர் வாங்கிய கடனைத் தொட்டில் பிள்ளையிடம் வசூலிப்பது என்ன நீதி?

ஆனால் எங்கள் ஆச்சியிடம் இந்த வாதமெல்லாம் செல்லவில்லை. ஆச்சிக்கு இரண்டு பிள்ளைகள் தவறிப்போனார்கள், ஒன்று காய்ச்சலில், ஒன்று பிறந்த ஒன்பதாம் நாள். "எந்தப் பிறவியிலயோ நான் செஞ்சது" என்பாள். காலேஜ் படிக்கும்போது, புதிதாகப் பகுத்தறிவு ஏறிய வேகத்தில், வினையும் இல்லை ஒன்றும் இல்லை, நல்ல டாக்டர் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று விளக்கினேன். பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நாரைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுச் சொன்னாள்: "நீ சொல்றது சரியாத்தான்யா இருக்கும். எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்லா?"

அவளுக்கு உலகம் ஒரு கணக்கு நோட்டு. பற்று எழுதியவன் என்றைக்காவது வரவும் எழுதுவான். என்னிடம் அப்படி ஒரு நோட்டு கிடையாது. அது போகட்டும், அந்த நோட்டில் தன் பக்கத்தைத் தவிர வேறு யார் பக்கத்தையும் ஆச்சி புரட்டியதில்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் வினையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள், சோறாக்கிக் கொண்டுபோவாள். காந்தியும் தன்னைச் சேர்த்துத்தான் 'நம் பாவம்' என்றார், அதை மறுக்கவில்லை. ஆனால் சொன்னவர் திருநெல்வேலி மேடையில், செத்தவர்கள் முங்கேரில்.

அப்புறம் அந்தப் பெரியவர். போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லையேடே, எனக்கு ஏன் இப்படி?" என்று கண் கலங்கினார்.

நாக்கு நுனிவரை வந்தது.

"பிளேட் வைக்கணும்னு சொல்லிட்டாங்களா மாமா?" என்று கேட்டு, சாத்துக்குடியை ஸ்டூலில் வைத்தேன்.